அன்றன்றைக்குள்ள அளவு

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கிடைத்த மன்னாவுக்கு ஓர் அளவு சொல்லப்பட்டிருக்கிறது: தலைக்கு ஒரு ஓமர். விடியற்காலையில் பொறுக்க வேண்டும். வெயில் ஏறினால் உருகிப்போகும். நாளைக்கு ஆகுமென்று எடுத்து வைத்தால் புழு வைத்து நாறும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு ஓமர். அன்று எடுத்து வைத்தது கெடாது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவும் இல்லை. தினசரி வேத வாசிப்பைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. வாசிப்பைத் தொடங்கி விட்டுவிட்டவர்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. அளவுதான் பிசகியிருக்கும். முதல் வாரம் ஒரே மூச்சில் பத்து அதிகாரம் வாசித்திருப்பார்கள். மூன்றாம் வாரம் புத்தகத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு வந்திருக்கும்.

கணக்கு ஒன்றும் பெரிதல்ல. 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. கிட்டத்தட்ட 31,100 வசனங்கள். ஆக, சராசரி அதிகாரத்துக்கு 26 வசனம். அதை வாய்விட்டு நிதானமாக வாசிக்க ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். வாரநாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1,196. ஒரே ஆண்டில் முழு வேதாகமமும் முடிந்து ஏழு அதிகாரத்துக்கான இடமும் மீதி இருக்கும். இந்தக் கணக்கு பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாத கணக்கு ஒன்று உண்டு: திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரே ஓர் அதிகாரம் என்றால் 52 வாரத்தில் மிகச்சரியாக 260, அதாவது புதிய ஏற்பாடு முழுவதும். சனி, ஞாயிறு இரண்டும் விட்டுப்போனதைப் பிடிக்கவோ, வாசித்ததைத் திரும்பப் பார்க்கவோ கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த இரண்டாவது கணக்கைத்தான். நாளுக்கு ஐந்து நிமிட வாசிப்பு, அதன்மேல் பத்து நிமிடம் உட்கார்ந்திருத்தல். இதைத் தாங்காத நாள் அநேகமாக இல்லை.

ஆண்டுத் திட்டங்களில் பெயர்பெற்றது ராபர்ட் மர்ரே மெக்செய்ன் என்ற போதகர் 1842இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் தன் சபைக்காக வகுத்துக் கொடுத்தது. நாளுக்கு நான்கு அதிகாரம். பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் ஓர் ஆண்டில் முடியும். இன்றும் பல்லாயிரம் பேர் அதன்படி வாசிக்கிறார்கள். ஆனால் அட்டவணையைக் கொடுத்த அதே கையால் அவர் அதன் அபாயங்களையும் எழுதி வைத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாசிப்பு வெறும் சடங்காகலாம். வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம். அவசரத்தில் கவனமின்றி ஓடலாம். சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். திட்டத்தை வகுத்தவரே அப்படி எழுதியிருக்கும்போது, நான்கு அதிகாரம் முடியாமல் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிற ஒருவர் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எங்கே விழுகிறோம் என்பதைக்கூடக் கணக்கே சொல்லிவிடும். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி நாளுக்கு மூன்று அதிகாரம் வாசித்தால், ஆதியாகமத்தின் 50ம் யாத்திராகமத்தின் 40ம் முப்பது நாளில் முடியும். ஜனவரி 31 அன்று லேவியராகமம் முதல் அதிகாரம். அதற்கு முந்தைய இரண்டு நாளும் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகள், பாதங்கள், கொக்கிகள் என்று 25 முதல் 31 வரை சொன்னதையே 35 முதல் 40 வரை செய்து காட்டுகிற அதிகாரங்கள். அதைத் தாண்டி மூச்சு வாங்கும்போது, முழுவதும் எரிக்கப்படுகிற சர்வாங்க தகனபலி. ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த தீர்மானங்கள் பிப்ரவரியில் உடைவதில் வியப்பில்லை.

இதைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. லேவியராகமத்தை முதல் அதிகாரத்திலிருந்து தொடங்காமல், முதலில் 19ஐ வாசியுங்கள், பிறகு 16ஐ, அதன் பிறகு முதலிலிருந்து. 19ஆம் அதிகாரத்தில் நிலத்தின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விடச் சொல்கிற கட்டளை இருக்கிறது. கூலிக்காரன் கூலியை விடியுமட்டும் கையில் வைத்திருக்காதே என்கிறது. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன் தடுக்கல் வைக்காதே என்கிறது. தராசும் படியும் சரியாக இருக்க வேண்டும் என்கிறது. 'உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக' என்ற வசனமே இங்கிருந்துதான் வருகிறது. 16 பாவநிவாரண நாளைப் பற்றியது; முன்னும் பின்னுமான எல்லாப் பலிகளும் அதைச் சுற்றி நிற்கின்றன. இவ்விரண்டையும் பார்த்துவிட்டு முதல் அதிகாரத்துக்குத் திரும்பினால், பலிகளின் பட்டியல் பட்டியலாகத் தெரியாது. உதாரணத்துக்கு, ஐந்தாம் அதிகாரம். பாவநிவாரண பலிக்கு ஆடு கொண்டுவர வேண்டும். அதற்கு வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் வசதியில்லாதவன் எப்பா என்ற முகத்தல் அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு கொண்டுவரலாம். எப்பாவில் பத்தில் ஒரு பங்கு என்பது எவ்வளவு? யாத்திராகமம் 16இன் கடைசி வசனம் அதைச் சொல்லிவிட்டுத்தான் முடிகிறது: ஓமர் என்பது எப்பாவிலே பத்தில் ஒரு பங்கு. பரம ஏழையின் பாவநிவாரண பலி, வனாந்தரத்தில் ஒருவனுக்குக் கிடைத்த ஒரு நாள் அளவு. இன்னும் சில அதிகாரம் தள்ளி 12ஆம் அதிகாரத்தில், பிள்ளை பெற்ற தாய்க்கும் அதே போன்ற சலுகை: ஆட்டுக்குட்டி கொண்டுவர இயலாவிட்டால் இரண்டு புறா. லூக்கா 2:24இல் மரியாளும் யோசேப்பும் என்ன கொண்டுவந்தார்கள் என்று பாருங்கள். அந்த வீட்டின் பொருளாதாரத்தை லூக்கா ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. லேவியராகமத்தை வாசித்தவருக்கு விளக்கத் தேவையும் இல்லை.

எண்ணாகமம் 7க்கும் இதே பொறுமை வேண்டும். 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள் பன்னிரண்டு நாளில் கொண்டுவந்த காணிக்கை, ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோலவே இருந்தும், பன்னிரண்டு முறையும் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. 'மற்றவர்களும் அவ்வாறே' என்று எழுதியிருந்தால் மூன்று வரியில் முடிந்திருக்கும். பன்னிரண்டாவதாய் வந்தவனின் வெள்ளித்தாலமும் நிறுத்துப் பார்த்துக் குறிக்கப்பட்டது. அவசரமாய்க் கண்ணோட்டினால் இது சலிப்பு. ஒரு முறையாவது வாய்விட்டு வாசித்தால், கடைசி ஆளின் பெயர் வரும்போது மனம் வேறுவிதமாக இருக்கும்.

நாள் தவறினால் என்ன செய்வது? இதில் பிடிவாதமான கருத்து எனக்கு உண்டு. தவறிய நாளின் பங்கை மறுநாளோடு சேர்க்காதீர்கள். நான்கு நாள் தவறியவர் ஐந்தாம் நாள் பதினைந்து அதிகாரத்தின் முன் உட்கார்ந்தால், அன்று வேகமாய்ப் பக்கம் புரட்டுவார். ஆறாம் நாள் உட்காரவே மாட்டார். அட்டவணையில் தேதி போட்டிருந்தால் இன்றைய தேதிக்கு உள்ளதை வாசியுங்கள், விட்டது அடுத்த சுற்றில் வரும். தேதி இல்லாத அட்டவணையே நல்லது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண் மட்டும் போட்டுக்கொண்டால் எந்த நாளும் தவறிய நாளாகாது.

இனி, உட்காரும் விதம். முந்தைய நாள் வாசித்ததன் கடைசி இரண்டு மூன்று வசனங்களை முதலில் மீண்டும் வாசியுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் இதைச் செய்யாதவருக்கு ஒவ்வொரு நாளும் புதிதாய்க் கடலில் இறங்குவது போலிருக்கும். பிறகு அன்றைய பகுதியை வாய்விட்டு வாசியுங்கள். சங்கீதம் 1இலும் யோசுவா 1:8இலும் 'தியானம்' என்று வருகிற இடத்தில் உள்ள எபிரெயச் சொல் 'ஹாகா'. முணுமுணுத்தல், உறுமுதல் என்று பொருள். ஏசாயா 31:4இல் இரையின்மேல் நின்று சிங்கம் கெர்ச்சிப்பதற்கும், 38:14இல் புறா புலம்புவதற்கும் இதே சொல்தான். தியானம் என்றால் கண்ணை மூடி மௌனமாயிருப்பது என்று நாம் நினைக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் உதடு அசைகிறது, தொண்டை ஒலிக்கிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து தனக்காகத்தான் வாசித்தான்; அவன் ஏசாயாவை வாசித்தது பிலிப்புவுக்குக் கேட்டது. வீட்டில் மற்றவர்கள் தூங்குகிற வேளையானால் உதடு மட்டும் அசையட்டும். கண் தாவிப்போகிற சொல்லை நாக்கால் தாவ முடியாது, அதுதான் இதன் பயன்.

வாசித்தபின் மூன்று கேள்வி: பேசுகிறது யார், யாரிடம், இதற்கு முன் என்ன நடந்தது. மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகே 'எனக்கு என்ன' என்ற கேள்வி. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். குறிப்பேடு வைத்திருப்பவர்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், அது இரண்டு மாதத்தில் நின்றுபோகும். தேதி, பகுதி, மூன்று வரி. முதல் வரியில் பகுதி சொல்வது என்ன என்பதை உங்கள் வார்த்தையில், இரண்டாவதில் விளங்காதது, மூன்றாவதில் இன்று செய்ய வேண்டியது. நடு வரிதான் விலைமதிப்புள்ளது. விளங்காததை எழுதி வைத்தவர் அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு வரும்போது பாதிக் கேள்விகளுக்கு இடையில் வாசித்த வேறொரு புத்தகமே பதில் சொல்லியிருப்பதைக் காண்பார். விளக்கவுரையைக் கடைசியில் திறவுங்கள், முதலில் அல்ல. அடுத்தவர் மென்று கொடுத்ததை முதலில் விழுங்கிவிட்டால் நமக்குப் பசி எடுக்காது. கைப்பேசியில் வாசிக்கிறவர்கள் அந்தப் பதினைந்து நிமிடம் இணையத்தை அணைத்து வைப்பது அவசியம். மேலே ஒரு செய்தி வந்து விழுந்தால் கண் திரும்பிவிடும், பவுலின் நீண்ட வாக்கியம் பாதியில் அறுந்துபோகும்.

அதிகார எண்களை நம்பி நிறுத்துவதிலும் கவனம் தேவை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்ததாகச் சொல்லப்படுவது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் அச்சகத்தார் ராபர்ட் எஸ்தியேன் ஜெனீவாவில் பதிப்பித்த கிரேக்கப் பதிப்பில் வந்தவை. எழுதியவர்கள் போட்டதல்ல. ஏசாயா 53ஐ வாசிக்கிறவர் 52:13இலிருந்து தொடங்க வேண்டும், பாடுபடும் தாசனைப் பற்றிய பாட்டு அங்கேதான் தொடங்குகிறது. ஏழாம் நாள் ஓய்வு ஆதியாகமம் 2:1–3இல் இருப்பதால், முதல் அதிகாரத்தோடு நிறுத்துகிறவர் படைப்பின் வாரத்தை ஆறாம் நாளிலேயே முடித்துவிடுகிறார். 42, 43ஆம் சங்கீதங்கள் இரண்டிலும் 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்' என்ற பல்லவி வருகிறது, முதலாவதில் இரண்டு முறை, அடுத்ததில் ஒரு முறை. ஒரே பாட்டாகச் சேர்த்து வாசிக்க வேண்டியவை.

தமிழில் வாசிக்கிறவருக்குச் சில தனிச் சிக்கல்களும் சில தனிச் செல்வங்களும் உண்டு. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததிலிருந்து வளர்ந்து வந்த மொழி இது. இன்று பெரும்பாலான புராட்டஸ்தாந்து வீடுகளில் உள்ள பழைய மொழிபெயர்ப்பு 1871இல் நிலைபெற்றது. அதன் சொற்கள் நமக்குப் பழக்கமானவை, ஆனால் பொருள் நகர்ந்துவிட்டது. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். நான் தாழ்ச்சியடையேன்' என்பதைக் குழந்தையிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறவர்களில் பலர், நான் தாழ்ந்துபோக மாட்டேன், என் நிலை இறங்காது என்றுதான் எண்ணியிருக்கிறார்கள். தாழ்ச்சி என்றால் இங்கே குறைவு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதை 'எனக்கேதும் குறையில்லை' என்று தெளிவாக வைக்கிறது. உயர்வைப் பற்றிய வசனமாகப் பிடித்துக்கொண்டிருந்தது, போதுமென்ற மனதைப் பற்றிய வசனமாக மாறும்போது ஒரு முழு நாளும் மாறலாம். 'சமுகம்' என்றால் சந்நிதி, முன்னிலை; 'சமூகம்' அல்ல. 'கெம்பீரமாய்ப் பாடுங்கள்' என்பதில் மிடுக்கைவிட மகிழ்ச்சி ஆரவாரமே அதிகம். 'சோதனை' என்ற ஒரே சொல் புடமிட்டுப் பார்ப்பதற்கும் பாவத்துக்கு இழுப்பதற்கும் வருகிறது. ஆதியாகமம் 22இல் தேவன் ஆபிரகாமைச் சோதித்தார், யாக்கோபு 1:13இல் தேவன் ஒருவரையும் சோதிக்கிறவரல்ல என்று இரண்டையும் ஒரே வாரத்தில் வாசித்துக் குழம்புகிறவர்கள் உண்டு. முதலாவது பொன்னைப் புடமிடுவது, இரண்டாவது இச்சையால் இழுக்கப்படுவது. கிரேக்கத்திலும் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்தான். யாக்கோபு தம் முதல் அதிகாரத்துக்குள்ளேயே ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு நகர்கிறார். இப்படிப்பட்ட இடங்களுக்காகவே மேசையில் இரண்டு மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். ஒன்றைத் தினமும் வாசியுங்கள், மற்றொன்றைத் தட்டுகிற இடத்தில் மட்டும் திறவுங்கள்.

செல்வம் என்று சொன்னது நம் மொழியின் பிரதிப்பெயர்களை. நீ, நீங்கள், நாம், நாங்கள். ஆங்கிலத்தில் வாசிக்கிறவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. லூக்கா 22:31, 32ஐத் தமிழில் பாருங்கள். சாத்தான் 'உங்களைப்' புடைக்க உத்தரவு கேட்டான், நானோ 'உனக்காக' வேண்டிக்கொண்டேன் என்று இயேசு சீமோன் பேதுருவிடம் சொல்கிறார். புடைக்கப்படப் போவது எல்லாச் சீஷர்களும். ஜெபம் குறிப்பாக ஒருவனுக்கு, அவன் குணப்பட்டபின் மற்றவர்களை நிலைநிறுத்த வேண்டும் என்பதற்காக. கிரேக்க மூலத்தில் உள்ள இந்தப் பன்மையும் ஒருமையும் தமிழில் அப்படியே நிற்கின்றன. அதேபோல் 1 கொரிந்தியர் 3:16இல் 'நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்கள்'. கட்சி பிரிந்து சண்டையிட்ட ஒரு சபையைப் பார்த்து, எல்லாரும் சேர்ந்து ஒரே ஆலயம் என்கிறார் பவுல். பிரதிப்பெயரைக் கவனித்து வாசிப்பது ஒரு செலவும் இல்லாத விளக்கவுரை.

இப்போது வரிசை மாறுவதைப் பற்றி. அன்றைய வாக்குத்தத்த வசனம் ஒன்றை எடுத்துக்கொண்டு நாளைத் தொடங்குவது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டின் மொரேவியச் சபையார் 1731இலிருந்து ஆண்டுதோறும் அன்றன்றைக்கான வசனங்களை அச்சிட்டு வருகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதற்கு ஒத்த புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேர்ந்து சேர்க்கிறார்கள். எத்தனையோ பேரைத் தாங்கிய பழக்கம் அது. ஆனால் அந்த வசனம் நின்ற வீட்டை ஒரு முறையாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம். 'உங்கள்பேரில்' என்று பன்மையில் இருப்பதைத் தமிழ் காட்டுகிறது: பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஒரு மக்கள் கூட்டத்துக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதற்கும் முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வரும் என்று தீர்க்கதரிசனம் சொல்லியிருந்தான். மக்களுக்கு அதுதான் இனித்தது. எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போகவே மாட்டார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு 11ஆம் வசனத்தின் ஆறுதல் குறைகிறதா? என் அனுபவத்தில் கூடுகிறது. அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்லவில்லை. சரியாகாத இடத்தில் இருந்துகொண்டே ஒரு மரம் நடலாம் என்று சொல்கிறது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருப்பவருக்கு இரண்டு வருஷம் என்ற பொய்யைவிட அது நின்று பிடிக்கும்.

யோபு 8:7 இன்னும் கூர்மையான உதாரணம். 'உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.' அழகான அட்டைகளில் அச்சாகிற வசனம். பேசுகிறவன் யோபின் நண்பன் பில்தாத். யாரிடம்? பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம். இதற்கு முன் என்ன சொன்னான்? மூன்று வசனம் முன்பு, உன் பிள்ளைகள் பாவஞ்செய்தார்கள், அதற்கேற்றது கிடைத்தது என்றான். நீ சுத்தமாயிருந்தால் உனக்கு நல்லது வரும் என்ற நிபந்தனையின் கீழ்தான் அந்த 'சம்பூரணம்' வருகிறது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் மற்றொரு நண்பனான எலிப்பாசிடம், பில்தாத் உள்ளிட்ட மூவரையும் சேர்த்து, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். யோபின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டது உண்மை. பில்தாத் சொன்ன காரணத்தால் அல்ல. துக்க வீட்டுக்குப் போகுமுன் யோபு 2:13ஐயும் 8ஐயும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவரைக்கும் அந்த மூன்று நண்பர்களும் சரியாகத்தான் செய்தார்கள்.

அன்றாட வாழ்க்கைக்கு வேதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை நான் உபாகமத்துக்குத்தான் அனுப்புவேன். 22:8: புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் விழுந்து இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரவேண்டாம். 24:10, 11: கடன் கொடுத்தவன் அடகு வாங்க அவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கினவனே கொண்டுவந்து கொடுக்கட்டும். 24:15: ஏழையின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடு, அவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான். யாத்திராகமம் 23:5: உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் அவனோடே சேர்ந்து அதைத் தூக்கிவிடு. பகையை மறந்துவிடு என்றுகூட அங்கே சொல்லவில்லை. கழுதையைத் தூக்கு என்கிறது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்போது ஏதோ ஒரு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். குறிப்பேட்டின் மூன்றாவது வரி இந்த அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். 'பொறுமையாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் மாலையில் அதைச் சரிபார்க்க வழியில்லை. 'வேலை செய்து போனவருக்குத் தர வேண்டிய பணத்தை மதியத்துக்குள் கொடு' என்று எழுதினால் மாலையில் ஆம் அல்லது இல்லை. பெயரும் நேரமும் இல்லாத வரி பெரும்பாலும் நடப்பதில்லை.

நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்று என்று வாசிப்பது பழைய வழக்கம். எளிது, எந்த நாள் விட்டாலும் அன்றைய தேதியைப் பார்த்துப் புகலாம். 10ஆம் அதிகாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் தனித்தனி வாக்கியங்கள் என்பதால், முப்பதையும் மனதில் நிறுத்த முயலாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. 26ஆம் தேதி மாதாமாதம் ஒரு புதிர் வரும்: 4ஆம் வசனம் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறு உத்தரவு கொடாதே என்கிறது, 5ஆம் வசனம் கொடு என்கிறது. இரண்டுக்கும் காரணம் கூடவே இருக்கிறது: முதலாவதில், கொடுத்தால் நீயும் அவனைப் போலாவாய், இரண்டாவதில், கொடாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான். எது எப்போது என்று புத்தகம் சொல்லவில்லை, அன்றைய நாள்தான் சொல்ல வேண்டும். கோபத்தோடு பதில் தட்டச்சு செய்யத் தொடங்கிய ஒருவர், இதனால் நான் அவரைப் போலாகிறேனா, அல்லது நான் பேசாததால் பொய் உண்மையாகிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். மறுநாள் 27:14: அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடே சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும். நல்ல சொல்லுக்கும் வேளை பார்க்க வேண்டும் என்ற அக்கறை எவ்வளவு நுட்பமானது!

வாசிக்க முடியாத நாட்கள் வரும். சாவு, நோய், உறவில் முறிவு. அப்போது அட்டவணையை மூடிவிட்டுச் சங்கீதத்துக்குப் போங்கள். முப்பது நாள் முறை எளிதானது: இன்று 7ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டினால் ஐந்து சங்கீதம், மாதத்தில் 150ம். 29ஆம் தேதி 119ஆம் சங்கீதம் வந்து விழும்; 176 வசனம். அதை 31ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கலாம். அல்லது அது எபிரெய எழுத்துக்கு எட்டு வசனமாக 22 கண்ணிகளாய் இருப்பதால், நாளுக்கு ஒரு கண்ணி என்று தனியாகவும் வாசிக்கலாம். ஐந்தையும் வாசிக்கத் தெம்பில்லாவிட்டால் அன்றைய ஐந்தில் உங்கள் நிலையைப் பேசுகிற ஒன்றை மட்டும். 13ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனத்துக்குள் எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில் விடியல் இல்லை. அப்படி ஒரு ஜெபத்தை யாரும் திருத்தி எழுதாமல் விட்டுவைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். துக்கத்தில் இருப்பவரிடம் அதன் முடிவுக்கு ஒரு நம்பிக்கை வசனத்தை ஒட்டவைக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19இல் சாக வேண்டுமென்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது ஓர் அடையும் தண்ணீரும் தூக்கமும். கர்த்தரின் மெல்லிய சத்தம் வந்தது நாற்பது நாள் நடந்த பிறகு. உடம்பு தளர்ந்த நாளில் சீக்கிரம் படுப்பதும் வாசிப்பின் ஒழுங்குக்குள்தான் வரும். 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிக்கொண்டே படுக்கலாம், அதுவும் தூக்கத்தைப் பற்றியதுதான்.

நாளைக் காலை தொடங்க விரும்புகிறவருக்கு மாற்கு. 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்கு ஓர் அதிகாரம். 'உடனே' என்ற சொல் எத்தனை முறை வருகிறதென்று எண்ணிக்கொண்டே வாருங்கள். முதல் அதிகாரத்திலேயே மூச்சு வாங்கும். ஐந்தாம் நாள், யவீருவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது, வழியில் குறுக்கிட்ட பெண்ணுக்குப் பன்னிரண்டு வருஷப் பெரும்பாடு (இரத்தப்போக்கு) என்பதை விட்டுவிடாதீர்கள். எட்டாம் நாள் 9:1ஐயும் சேர்த்து வாசியுங்கள், அது எட்டாம் அதிகாரத்தின் பேச்சைச் சேர்ந்தது. 14ஆம் அதிகாரம் 72 வசனம். 42இல் நிறுத்திக் காலையும் மாலையுமாகப் பிரிக்கலாம். 16ஆம் நாள் எட்டாம் வசனத்தில் சற்று நில்லுங்கள். மிகப் பழைய முழுக் கையெழுத்துப் படிகளான சினாய் படியிலும் வத்திக்கான் படியிலும் மாற்கு அங்கேயே முடிகிறது: பெண்கள் நடுங்கித் திகைத்து ஓடிப்போனார்கள், பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வசனத்தில் வெள்ளை அங்கி தரித்த வாலிபன், அவர் உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார், அங்கே அவரைக் காண்பீர்கள் என்று சொல்லியிருந்தான். கலிலேயா முதல் அதிகாரத்தின் 14ஆம் வசனத்தில் இருக்கிறது. பதினேழாம் நாள் அங்கே போகலாம்.